மின்நூல் வாசிப்பான்: நூலேற்றமும் மின்னேற்றமும்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளும் உறவினர்களும் அனுப்புகின்ற பொதிகளில் சில வேளைகளில் சிலேற்றுப் பலகை போன்ற ஒரு சிறு கருவியும் வந்து சேருகின்றது. தடிப்பு ஒரு விரலளவுகூட இல்லை. நிறை 200 கிராம் அளவில் இருக்கும். இதனை மின்நூல் வாசிப்பான் என்பர். கிண்டில், கோபோ, பொக்கெற்புக் என்பன பலரும் அறிந்த வகைகள். ஆனால் நாம் சென்ற சில வீடுகளில் இக்கருவி வந்த பெட்டியோடு றங்குப்பெட்டிக்குள் உறங்குவதையே கண்டோம். காரணம் இரண்டு. உள்ளே தமிழ் நூல் ஒன்றும் இல்லை; இருந்தாலும் அதற்கு மின்னேற்றும் வழி தெரியவில்லை. இவ்விரண்டையும் பற்றிச் சற்று விரிவாகக் கூறுவதே எமது நோக்கமாகும்.

இடம்பெயர்ந்த குடும்பத்திற்கு இது ஓர் ஆடம்பரப் பொருள் அல்லவா என்று சிலர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. கையிலுள்ள காசைக் கொடுத்து இதை வாங்குங்கள் என்று நாம் எவருக்கும் சொல்லமாட்டோம். விதைநெல்லும் மண்வெட்டியும் கூரைத் தகரமும் அதற்கு முன் வரவேண்டியவை. வீட்டில் ஸ்மார்ட் போன் இருந்தால் அதிலேயே நூல்களை வாசிக்கவும் முடியும். ஆயினும் வந்து சேர்ந்துவிட்ட கருவியைச் சும்மா வைத்திருப்பது நட்டம். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழைக்குள் நடந்தவர்கள் அரிசியையும் அடையாள அட்டையையும் குழந்தைகளையும் சுமந்தார்கள். பிள்ளைகளின் புத்தகங்கள் வீட்டிலேயே கிடந்தன. பின்னர் வன்னிக்குள் ஊர் ஊராக நகர்ந்தபோதும், 2009இல் அங்கிருந்து வெளியேறியபோதும் அதே கதைதான். ஒரு வாசிகசாலையின் நூல்களைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நடக்கலாம் என்பது எம்மவர்களுக்குச் சிறிய விடயமல்ல. அதற்கு, நூல்களை ஏற்கெனவே கருவிக்குள் சேர்த்து வைத்திருக்க வேண்டும். இணைய இணைப்பு இல்லாத இடத்திலும் அவை திறக்க வேண்டும். மின்சாரம் இல்லாத இடத்திலும் கருவி இயங்க வேண்டும்.

கருவியின் இயல்பு

இதன் திரை போனின் திரையைப் போன்றதல்ல. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகள் இலட்சக்கணக்கில் அதில் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வோர் உறைக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்னைச் செலுத்தும்போது ஒரு நிறத் துகள் மேலே வரும், மற்றையது கீழே போகும். அவ்வாறு எழுத்து உருவானபின் மின்சாரம் தேவையில்லை. மையால் எழுதியதுபோல் அப்படியே நிற்கும். பக்கத்தைத் திருப்பும் வேளையில் மட்டுமே மின் செலவாகின்றது. கருவி நின்றுவிட்ட பின்னரும் திரையில் ஒரு படம் தெரிவதைக் கண்டு "இது பழுது" என்று சிலர் நினைப்பதுண்டு. பழுதல்ல, அதன் இயல்பே அதுதான்.

இவ்வகைத் திரையுடன் முதலில் விற்பனைக்கு வந்தது 2004இல் சோனி கம்பனி யப்பானில் வெளியிட்ட கருவி. அமேசன் கம்பனியின் கிண்டில் 2007இல் வந்தது. வெயிலில் போன் திரை மங்கிப்போகும். இதுவோ கடதாசியைப் போல மேலும் தெளிவாகத் தெரியும். வரம்பில் உள்ள மரநிழலில் இருந்து வாசிக்கலாம். சில வகைகளில் இரவு வாசிப்புக்கு உள்விளக்கு உண்டு. இல்லாதவற்றுக்கு லாம்பு வேண்டும்.

பெரும்பாலான கருவிகளில் நிறம் கிடையாது என்பதையும் விவசாயிகள் மனதிற் கொள்ளவேண்டும். 2018இல் எமது நாட்டுச் சோளப் பயிருக்குள் புகுந்த சேனா படைப்புழுவை இத்திரையிலுள்ள படத்தைக் கொண்டே அடையாளம் காணலாம். அதன் தலையில் தலைகீழான கவர் போன்ற வெளிறிய கோடும், வாற்பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு புள்ளிகளும் உருவத்தால் தெரிபவை. ஆனால் நெல்லின் இலை எவ்வளவு மஞ்சளாகியுள்ளது, எந்தச் சத்துக் குறைவு என்று பார்க்க இது உதவாது. சாம்பல் நிறத்தில் எல்லா இலையும் ஒன்றுதான். அதற்குப் போனையோ அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தையோ பாருங்கள். புவியியல் பாடநூலில் உள்ள நிறப் படங்களுக்கும் இதே குறை உண்டு.

நூலை ஏற்றுதல்

முதலில் ஒரு வேண்டுகோள். கருவியை அனுப்பப் போகும் பிள்ளை அங்கேயே அதை இயக்கி, ஆரம்பப் பதிவுகளைச் செய்து, நூல்களையும் ஏற்றி அனுப்பும்படி கேளுங்கள். புதிய கருவி முதன்முறை இயங்கும்போது பெரும்பாலும் வைபை இணைப்பையும் மின்னஞ்சல் முகவரியையும் கேட்கும். நல்ல இணைப்புள்ள நாட்டில் பத்து நிமிடத்தில் முடியும் இந்த வேலை, சமிக்ஞை வந்து வந்து போகும் இடத்தில் ஒரு பகலை விழுங்கிவிடும்.

இங்கு ஏற்றுவதானால் ஒரு கணினியும் கேபிளும் போதும். பென்ட்ரைவைப் போலவே கருவியைக் கணினியில் செருகினால், கணினித் திரையில் அது ஒரு தனிப் பெட்டியாகத் தோன்றும். கோபோ வகையில் "இணைக்கவா?" என்ற கேள்வி கருவியின் திரையில் வரும், ஆம் என்று தொடவேண்டும். பின்னர் நூற்கோப்பைப் பிரதி செய்து அந்தப் பெட்டிக்குள் இடவேண்டும். கிண்டிலில் டொக்கியுமென்ற்ஸ் என்ற உறைக்குள்ளேயே இடுதல் வேண்டும். வெளியே வைத்தால் அது கண்டுகொள்ளாது. முடிந்ததும் கேபிளைச் சட்டென்று இழுக்காமல், பென்ட்ரைவைப் பாதுகாப்பாக அகற்றும் அதே முறையில் அகற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் நடுவில் இழுத்தால் அந்த நூல் மட்டுமல்ல, ஏனைய கோப்புகளும் குழம்பலாம்.

இங்கே பலரை மலைக்க வைப்பது கேபிள்தான். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் கேபிள்கள் சிலவற்றில் மின்னைக் கொண்டுசெல்லும் இரண்டு கம்பிகள் மட்டுமே இருக்கும்; கோப்புகளைக் கொண்டுசெல்லும் கம்பிகள் இருக்கமாட்டா. கருவியில் மின்னேறும் அடையாளம் தெரியும், ஆனால் கணினி அதைக் காணாது. கருவி பழுது என்று முடிவு கட்டுமுன் கேபிளை மாற்றிப் பாருங்கள். கருவியோடு பெட்டியில் வந்த கேபிளுக்கு ஒரு நூலைக் கட்டி அடையாளம் வைத்தால் போன் கேபிள்களோடு கலக்காது.

கணினி இல்லாத இடத்தில், அன்ட்ரொயிட் போனிற் செருகும் ஓ.ரீ.ஜி. என்ற சிறு இணைப்பியைக் கொண்டு பல போன்களிலிருந்து நேரடியாகவே கோபோ, பொக்கெற்புக் போன்றவற்றுக்குக் கோப்பை மாற்றலாம். பட்டினத்துக் கடைகளிலுள்ள கணினிகளில் ஏற்றும்போது வைரஸ் பற்றிய அவதானம் தேவை. வாசிப்பானை அது பெரும்பாலும் பாதிக்காது. ஆனால் வாசிப்பான் அதைச் சுமந்து சென்று அடுத்த வீட்டுக் கணினியில் இறக்கிவிடும். நுளம்பு நோயைக் காவுவது போலத்தான்.

எந்தக் கோப்பு, எந்த வடிவம்

நூற்கோப்புகள் பல வடிவங்களில் உண்டு. விவசாயக் குடும்பம் அறிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: ஈபப், பீ.டி.எவ். ஈபப் என்பது அளவுப் பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் போன்றது. எழுத்தைப் பெருப்பித்தால் வரிகள் தாமாக மடிந்து திரைக்குள் அடங்கும். கண் மங்கிய பெரியவர்களுக்கும் உகந்தது. பீ.டி.எவ். என்பது பக்கத்தின் புகைப்படம் போன்றது. அச்சில் இருந்தவாறே நிற்கும். பெரிய பக்கம் ஆறு அங்குலத் திரைக்குள் வந்தால் எழுத்து எறும்பளவு ஆகிவிடும். அப்போது கருவியைப் பக்கவாட்டில் திருப்பி, பக்கத்தின் அகலம் திரையின் நீளத்திற்கு வருமாறு அமைத்தால் அரைப்பக்கம் அரைப்பக்கமாக வாசிக்க முடியும். கணக்குப் பாடநூலை அவ்வாறு வாசிப்பது சிரமமே என்றாலும், நூலே இல்லாதிருப்பதிலும் பார்க்க மேல்.

இந்த இடத்தில் கிண்டில் வைத்திருப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேபிள் வழியாக இட்ட ஈபப் கோப்பைக் கிண்டில் திறக்காது. கலிபர் என்ற இலவசக் கணினி மென்பொருளால் அதை ஏ.இசட்.டபிள்யு.3 என்ற வடிவத்திற்கு மாற்றி இடவேண்டும். இணைய வசதி இருப்பின் 2022 முதல் ஈபப் கோப்பை அமேசனின் அனுப்பும் சேவை மூலமும் கருவிக்கு அனுப்பலாம். அது வழியிலேயே மாற்றிக்கொள்ளும். கோபோவுக்கும் பொக்கெற்புக்கிற்கும் இந்த அலைச்சல் இல்லை.

தமிழ் எழுத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. இது எமது நாட்டில் அதிகம். பல சங்கங்களும் பாடசாலைகளும் நீண்டகாலமாகப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து வந்துள்ளன. கணினிக்குள் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. பாமினி எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுக்கின்றது. அக்கோப்பை ஈபப் ஆக்கி வாசிப்பானில் இட்டால் அந்த முகம் கழன்றுவிடும். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பைதான் தெரியும். அதனை முதலில் யுனிக்கோட்டிற்கு மாற்றவேண்டும். மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அல்லது அதே கணினியில் அதைப் பீ.டி.எவ். ஆக்கி, பக்க அளவைச் சிறிதாக்கி இட்டாலும் சரி. அப்போது எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே அடைக்கப்பட்டுச் செல்லும்.

யுனிக்கோட்டில் இருந்தாலும் பழைய வாசிப்பான்கள் சில தமிழைச் சரியாகக் கோர்க்காது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். அமேசன் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் மின்நூல் விற்கத் தொடங்கியதே 2016இன் இறுதியில்தான். ஆகவே ஏற்றியவுடன், கணினி இருக்கும் இடத்தை விட்டு நகருமுன், ஒவ்வொரு நூலையும் திறந்து நடுவில் ஒரு பக்கத்தைப் பாருங்கள். "கொ", "கோ", "கௌ" ஆகிய எழுத்துகள் ஒழுங்காக இருந்தால் மற்றவையும் இருக்கும். வீட்டுக்கு வந்து பார்த்துக் கைபிசைவதில் பயனில்லை. அடுத்த பஸ் எப்போது வருமோ!

நூல்கள் எங்கே கிடைக்கும்? பாடசாலைப் பாடநூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தனது இணையத்தளத்தில் பீ.டி.எவ். வடிவில் இலவசமாக வைத்துள்ளது. பிள்ளையின் வகுப்பு, மொழிமூலம் ஆகியவற்றைத் தெரிவு செய்து பெற்றுக்கொள்ளலாம். இடையில் பாடசாலை மாறிய பிள்ளைகளுக்கு இதுவே முதலில் ஏற்றவேண்டியது. ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பழைய பத்திரிகைகளும் 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளத்தில் பக்கம் பக்கமாகப் படம் பிடித்துச் சேர்க்கப்பட்டுள்ளன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை மறவாத ஒரு சமூகத்தின் வேலை அது. அங்குள்ள கோப்புகள் படங்களாதலால் பாரம் கூடியவை. வாசிப்பானில் மெதுவாகத் திரும்பும், எழுத்தைப் பெருப்பித்தால் வரி மடியாது. பழந்தமிழ் இலக்கியங்களுக்கு 1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் உண்டு. 2013 முதல் இயங்கும் பிரீ தமிழ் ஈபுக்ஸ் என்ற தளம் நூல்களை ஈபப் வடிவிலும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அமைத்த பீ.டி.எவ். வடிவிலும் தருகின்றது. எழுத்துச் சிதறும் பழைய கருவி உங்களிடம் இருந்தால் இந்த ஆறு அங்குல வடிவமே கைகொடுக்கும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்ற கவலை வேண்டாம். எழுத்து மட்டுமுள்ள ஈபப் நூல் பெரும்பாலும் ஒரு மெகாபைற்றுக்கும் குறைவு. எட்டு கிகாபைற் கருவியில் அவ்வாறானவை ஆயிரக்கணக்கில் அடங்கும். படமாக எடுத்த நூல்களே ஒவ்வொன்றும் பத்து, இருபது, ஐம்பது மெகாபைற் என்று இடத்தைப் பிடிப்பவை.

எது உங்களுடைய நூல்?

விலைக்கு வாங்கும் மின்நூல்களைப் பற்றி ஒரு சொல். 2009 யூலையில் அமேசன் கம்பனி, ஜோர்ஜ் ஓர்வெல் எழுதிய இரண்டு நாவல்களை, அவற்றை விற்றவருக்கு உரிமை இல்லை என்ற காரணத்தால், வாங்கியவர்களின் கிண்டிலுக்குள்ளிருந்தே தூரத்தில் இருந்தபடி அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்னர் கம்பனித் தலைவரே பகிரங்கமாக மன்னிப்பும் கேட்டார். இருந்தாலும் அலுமாரியில் வைத்த புத்தகத்தைக் கடைக்காரன் இரவில் வந்து எடுத்துச் சென்றதற்கு ஒப்பான செயல் அது. 2025 பெப்ரவரி 26ஆம் திகதியுடன், வாங்கிய நூலைக் கணினியில் இறக்கிக் கேபிள் வழியாக ஏற்றும் வசதியையும் அந்தக் கம்பனி நிறுத்திவிட்டது. எனவே அங்கு வாங்கும் நூல்கள் கணக்கையும் இணைப்பையும் நம்பியே இருக்கின்றன. நிலையான முகவரியும் நிலையான இணைப்பும் உள்ளவருக்கு அது பெரிய குறை அல்ல. எமது வாசகர்களுக்கு அது குறைதான். இலவசமாகவும் முறையாகவும் கிடைக்கும், பூட்டில்லாத கோப்புகளையே நாம் சிபாரிசு செய்வோம். அவற்றை ஒரு பென்ட்ரைவிலும் பிரதி செய்து வேறு ஒருவரிடம், இயலுமானால் வேறு ஊரில் உள்ள ஒருவரிடம், கொடுத்து வையுங்கள்.

அதே பென்ட்ரைவிலும் வாசிப்பானிலும் இன்னொன்றையும் வைக்கலாம். காணி உறுதி தொலைந்தவர்கள் எம்மில் ஏராளம். உறுதியின் பிரதியைக் காணிப் பதிவகத்தில் விண்ணப்பித்துப் பெறமுடியும். ஆனால் அங்கே சென்று "எங்கள் வளவு, பெரிய புளியமரத்தடியில்" என்று சொன்னால் தேட வழியில்லை. உறுதி இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர், பதிவேட்டின் தொகுதி, பக்கம் ஆகியவற்றைச் சொன்னால் விரைவில் தேடுவார்கள். அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் பெற்றவராயின் அதன் இலக்கத்தைக் கொண்டு பிரதேச செயலகத்திலுள்ள காணிப் பேரேட்டில் பார்க்கலாம். இந்த இலக்கங்களை மட்டும் ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாகத் தட்டச்சுச் செய்து வாசிப்பானில் இடுங்கள். உறுதியின் படத்தையும் பீ.டி.எவ். ஆக்கி இடலாம், அது மூலப்பத்திரத்திற்கு ஈடாகாது என்பதை மறக்கக்கூடாது. மூலப்பத்திரம் பொலித்தீன் உறைக்குள், உங்கள் கையோடுதான் இருக்கவேண்டும். கருவி எவர் கையிலும் அகப்படக்கூடியது. ஆகவே வங்கிக் கணக்கு விபரங்களை அதில் வைக்காதீர்கள். திறப்பதற்கு இரகசிய இலக்கம் வைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

மின்னேற்றம்

மின்சாரம் இல்லாத குடிசையில் இது எப்படி இயங்கும் என்பதே பலரின் கேள்வி. இங்கே ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். வாசிப்பானின் பற்றரி பொதுவாக 1,500 மில்லி அம்பியர்-மணி அளவிலானது, மின்னழுத்தம் 3.7 வோல்ற். பெருக்கினால் ஏறக்குறைய ஐந்தரை வாற்-மணி. ஸ்மார்ட் போனின் 5,000 மில்லி அம்பியர்-மணிப் பற்றரிக்கு இதே கணக்கில் பதினெட்டரை. அதாவது போனை ஒருமுறை நிரப்பும் மின்னில் வாசிப்பானை மூன்று முறை நிரப்பலாம். போன் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் தாங்கும். வாசிப்பானோ, வைபையை நிறுத்தி நாளுக்கு அரைமணி நேரம் வாசித்தால், வாரக்கணக்கில் தாங்கும்.

வீட்டில் சோலார் விளக்குக்கென்று 12 வோல்ற், 7 அம்பியர்-மணிப் பற்றரி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் 84 வாற்-மணி உண்டு. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்குவது அதன் ஆயுளைக் குறைக்கும். ஆகவே எடுக்கக்கூடியது 42. வழியில் வீணாவதையும் சேர்த்து வாசிப்பானுக்கு ஒருமுறை எட்டு வாற்-மணி என்று கொண்டால், ஐந்து முறை நிரப்பலாம். ஒரு முறைக்கு மூன்று வாரம் என்று பார்த்தால் பதினைந்து வாரம், ஏறத்தாழ ஒரு போகம். வெயில் ஒரு நாள்கூட எறிக்காவிட்டாலும், வேறெதற்கும் எடுக்காவிட்டால், அந்த ஒரு பற்றரி போதும். 10 வாற் தகடு ஒன்று நல்ல வெயிலில் இரண்டு, மூன்று மணித்தியாலத்தில் வாசிப்பானை நிரப்பிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. வாசிப்பானுக்கு வேண்டியது 5 வோல்ற். 12 வோல்ற் தகடு என்று சொல்லப்படுவது வெயிலில் பாரம் இல்லாதபோது 18, 20 வோல்றுக்கு மேலும் போகும். தகட்டின் வயரை வெட்டி நேரடியாக யூ.எஸ்.பி. கேபிளில் முடிச்சுப் போடுவது கருவியைக் கொல்லும் வழி. உழவு இயந்திரத்தின் பற்றரியில் நேரடியாகக் கொழுவுவதும் அதே போல. யூ.எஸ்.பி. துளையுள்ள சார்ஜ் கொன்ட்ரோலர் பெட்டியின் ஊடாகவோ, வாகனங்களுக்கென விற்கும் 5 வோல்ற் சார்ஜரின் ஊடாகவோ மட்டும் மின்னைக் கொடுங்கள். போனுக்கான பவர்பாங்கும் நல்லது.

ஜெனரேற்றர் மின்னிலும் ஏற்றலாம். சார்ஜரின் முதுகில் 100 முதல் 240 வோல்ற் வரை என்று அச்சிடப்பட்டிருந்தால் ஏற்ற இறக்கத்தை ஓரளவு தாங்கும். இயந்திரத்தை முடுக்கும் வேளையிலும் நிறுத்தும் வேளையிலும் மின் துள்ளும்; இயந்திரம் சீராக ஓடத் தொடங்கியபின் செருகி, நிறுத்துமுன் கழற்றிவிடுங்கள். போனுக்குரிய விரைவு சார்ஜரைப் போட்டால் கருவி எரிந்துவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். தரமான சார்ஜர் ஆயின் அச்சம் வேண்டாம்; கருவி தனக்கு வேண்டிய அளவையே எடுக்கும். பெயர் ஊர் இல்லாத சார்ஜர்களைத்தான் நம்பமுடியாது.

புதுக் கருவியை முதன்முறை எட்டு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் மின்னேற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல் பற்றரிக் காலத்துப் பழக்கம். இப்போதுள்ள லித்தியம் பற்றரிக்கு அது தேவையில்லை. நிரம்பியதும் தானே நின்றுகொள்ளும். முற்றாக இறங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கால்பங்குக்கு வந்ததும் ஏற்றுங்கள். நீண்டகாலம் வைத்துப் பூட்டுவதானால் நிரப்பியும் அல்ல, வெறுமையாகவும் அல்ல, பாதி மின்னோடு வையுங்கள். வெறுமையாக மாதக்கணக்கில் கிடந்த பற்றரி திரும்பவும் எழும்பாமற் போகலாம். றங்குப்பெட்டிக்குள் கிடந்த கருவியை எடுத்துச் செருகியதும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், கைவிடாமல் சில மணித்தியாலங்கள் சார்ஜரிலேயே விடுங்கள். முதலில் அசைவே காட்டாமல் இருந்து பின் விழிப்பதுண்டு.

ஒரே தடவையில் நூறு நூல்களை ஏற்றிய அன்று கருவி சற்றுச் சூடாவதையும் மின் விரைவாக இறங்குவதையும் காண்பீர்கள். தேடுவதற்கு வசதியாக நூல்களிலுள்ள சொற்களை அது உள்ளுக்குள் அட்டவணைப்படுத்துகின்றது. சில மணித்தியாலங்களில் ஓய்ந்துவிடும். ஆகவே பெருந்தொகையாக ஏற்றும் நாளில் சார்ஜரிலும் போட்டு வையுங்கள். நாட்கணக்காகியும் மின் ஓடிக்கொண்டே இருந்தால் பழுதான கோப்பு ஒன்று உள்ளே சிக்கியிருக்கலாம். கடைசியாக ஏற்றியவற்றை அழித்துவிட்டு, ஒவ்வொன்றாக மீண்டும் ஏற்றிப் பாருங்கள்.

வெப்பமும் ஈரமும்

தகரக் கூரையின் கீழ் நண்பகலில் இருக்கும் வெக்கை நாம் சொல்லித் தெரியவேண்டியதல்ல. இக்கருவிகள் பொதுவாக 35 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் இயங்கவே அமைக்கப்பட்டவை. மின்னேற்றும்போது பற்றரி மேலும் சூடாகும். ஆகவே தகட்டை வெயிலிலும் கருவியை நிழலிலும் வையுங்கள். இரண்டையும் வெயிலில் வைத்துவிட்டு வயலுக்குப் போகாதீர்கள். பாய், தலையணை ஆகியவற்றின் கீழ் வைத்தும் மின்னேற்றக்கூடாது.

மாரியில் துளைக்குள் ஈரம் இருக்கும்போது செருகினால் உள்ளேயுள்ள உலோகம் அரித்துப்போகும். நனைந்துவிட்டால் நிறுத்தி, துடைத்து, துளை கீழ்நோக்க நிழற்காற்றில் ஒரு நாளாவது வையுங்கள். அரிசிக்குள் புதைப்பதால் பயன் குறைவு, அரிசித் தூள் துளைக்குள் போவதே மிச்சம். திரையின் பின்னால் பெரும்பாலும் மெல்லிய கண்ணாடி உண்டு. மேலே ஒருவர் இருந்துவிட்டாலோ, பையில் பாரம் அமுக்கினாலோ அது வெடிக்கும். திரையில் அசையாத கறுப்புக் கோடுகள் தோன்றினால் அதுதான் நடந்திருக்கின்றது. திருத்தும் செலவு கருவியின் விலையையே நெருங்கும். இரண்டு தடித்த மட்டைகளை வெட்டி, துணியால் தைத்து உறை செய்தால் போதுமானது. பழைய அப்பியாசக் கொப்பி மட்டை மெல்லியது, பயன்படாது.

காலப்போக்கில் பற்றரி வீங்கித் திரை மேலெழும்பினால், அல்லது பின்மூடி விலகினால், அன்றோடு மின்னேற்றுவதை நிறுத்துங்கள். குத்தவோ, வெட்டவோ, குப்பையோடு எரிக்கவோ கூடாது. லித்தியம் தீப்பற்றினால் அணைப்பது கடினம். பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், எரியக்கூடிய பொருட்களுக்கு அப்பால் வைத்து, பழைய மின்பொருட்களைச் சேகரிப்பவரிடம் கொடுங்கள். நூல்கள் பென்ட்ரைவில் இருந்தால் அதே நாளில் போனுக்கோ, இன்னொரு வாசிப்பானுக்கோ மாற்றிக்கொள்ளலாம். கோபோவிலிருந்து கிண்டிலுக்கு மாறுவதானால் மட்டும் ஈபப் கோப்புகளைக் கலிபரில் ஒருமுறை மாற்றவேண்டியிருக்கும்.